அறுபத்தொண்ணாவது பிள்ளை



போன வாரம் நம்ம பக்கத்தில் அரசுப் பள்ளி சேர்க்கைக்காக ஒரு கார்டு போட்டோம், ஞாபகம் இருக்கும். மஞ்சள் எழுத்து, பின்னாடி சிரிக்கிற நாலு பிள்ளைங்க. அந்தக் கார்டைச் செஞ்சது நான்தான். நல்லாவே ஓடுச்சு. எங்க கிளை வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் இருபத்தாறு பேர் அதை ஸ்டேட்டஸ் வெச்சாங்க.

சந்தோஷத்தில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். அந்த இருபத்தாறு பேரில் தொடக்கப் பள்ளி வயசில் பிள்ளை உள்ள வீடு ஒன்பது. மொத்தம் பதினொரு பிள்ளைங்க. பதினொண்ணும் காலையில் ஏழே முக்காலுக்கு மஞ்சள் வேனில் ஏறிப் போகுது. ஊருக்குள் இருக்கிற ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒண்ணுகூட இல்லை.

அதனால் இந்தப் பதிவு எதிர்முகாமுக்கு இல்லை. நமக்கு. திட்டுறவங்க கமெண்டில் திட்டுங்க, ஆனா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

முதலில் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பத்திச் சொல்லிடுறேன். முசிறிப் பக்கம் ஒரு கிராமம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஒன்று முதல் ஐந்து வரை. ஏப்ரல் கடைசியில் வருகைப் பதிவேட்டில் 57 பேர். ஒண்ணாப்பு 9, ரெண்டாப்பு 11, மூணாப்பு 10, நாலாப்பு 14, அஞ்சாப்பு 13. ஆசிரியர்கள் ரெண்டு பேர். ஒருத்தர் தலைமையாசிரியை, இன்னொருத்தர் இடைநிலை ஆசிரியை. அஞ்சு வகுப்பு, ரெண்டு ஆள். ஈராசிரியர் பள்ளின்னு பேரு.

"பாத்தியா, இதனாலதான் நாங்க சேர்க்கல"ன்னு இப்பவே கமெண்ட் டைப் பண்றவங்க கொஞ்சம் கையை எடுங்க. ஏன் ரெண்டு ஆசிரியர்தான்னு யோசிச்சிருக்கீங்களா?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. அதோட கடைசியில் ஒரு அட்டவணை இருக்கு. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைங்க வரைக்கும் 2 ஆசிரியர். 61லிருந்து 90 வரைக்கும் 3. 91லிருந்து 120 வரைக்கும் 4. 200 வரைக்கும் 5. வகுப்பு எத்தனைன்னு அந்த அட்டவணை கேக்காது, தலை எத்தனைன்னு மட்டும்தான் கேக்கும். நம்ம மாநிலத்தில் ஆகஸ்ட் 1 நிலவரப்படி எண்ணிக்கையை எடுத்துப் பணியாளர் நிர்ணயம் பண்ணுவாங்க. பிள்ளை குறைஞ்ச பள்ளியில் ஆசிரியர் 'உபரி' ஆகிடுவார். பணி நிரவல்னு வேற பள்ளிக்கு அனுப்பிடுவாங்க.

அதாவது அறுபதாவது பிள்ளை வர்ற வரைக்கும் ரெண்டு ஆசிரியர். அறுபத்தொண்ணாவது பிள்ளை வரும்போது கூடவே ஒரு ஆசிரியரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருது.

இதையே தலைகீழாப் பாருங்க. ஒரு காலத்தில் இதே பள்ளியில் அஞ்சு ஆசிரியர் இருந்தாங்கன்னு எங்க அம்மா சொல்லுவாங்க. அம்மா அங்கதான் படிச்சாங்க. அந்த அஞ்சு பேரை எந்த அதிகாரி துரத்தினான்? யாரும் துரத்தலை. முதலில் ஊரில் கொஞ்சம் வசதியானவங்க வீட்டுப் பிள்ளைங்க வேன் ஏறினாங்க. எண்ணிக்கை குறைஞ்சது, ஒரு ஆசிரியர் போனார். "ஆசிரியர் இல்லை"ன்னு இன்னும் பத்துப் பேர் கிளம்பினாங்க. இன்னொரு ஆசிரியர் போனார். இப்ப ரெண்டு பேர் மிச்சம். "ரெண்டு பேர்தானே இருக்காங்க"ன்னு நாம கேக்குறோம். நாம ஓடினதாலதான் அது காலி ஆச்சு, காலியா இருக்குன்னு காரணம் சொல்லி இன்னும் ஓடுறோம்.

1953ல் ராஜாஜி ஆட்சியில் தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாக் குறைச்சு, மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பழகுன்னு ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம்னு பேர் வெச்சு இந்த மாநிலமே எதிர்த்து நின்னுச்சு. அடுத்த வருஷமே காமராசர் வந்து அதைத் தூக்கிப் போட்டார். ஒரு உத்தரவு போட்டுப் பள்ளிக்கூடத்தைச் சுருக்கினால் தெருவில் இறங்குற ஊர் இது. இன்னிக்கு உத்தரவே தேவையில்லை, ஒரு மஞ்சள் வேன் போதும். நாமே டாட்டா காட்டி ஏத்தி விடுறோம்.

சரி, இப்ப என் யோக்கியதையைக் கேப்பீங்க. நியாயமான கேள்வி. நான் எல்.கே.ஜி.லேருந்து பன்னெண்டாவது வரைக்கும் மெட்ரிக். அப்புறம் பி.இ. எங்க அப்பா சீட்டு எடுத்துக் கட்டின ஃபீஸ்ல படிச்சவன். டை கட்டினேன், பெல்ட் போட்டேன், தமிழில் பேசினதுக்கு அபராதம்னு அஞ்சு ரூபா கட்டினேன். பன்னெண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியம் படிச்சுட்டு, காலேஜ் கேம்பஸ் இன்டர்வியூவில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்"புக்கு மனப்பாடம் பண்ணிட்டுப் போனவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அரசுப் பள்ளி. அவனும் மனப்பாடம்தான். ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே சம்பளம். எங்க அப்பாவுக்கு மட்டும் அந்தச் சீட்டுக் கடன் நான் வேலைக்குப் போன பிறகும் ஓடிக்கிட்டு இருந்தது.

இந்த வருஷம் இந்தக் கேள்வி எங்க வீட்டுக்கே வந்துச்சு. அக்கா பொண்ணு யு.கே.ஜி. முடிச்சிருக்கா. ஜூனில் ஒண்ணாப்பு. மாமா லோடு ஆட்டோ ஓட்டுறார். மே மாசம் ஆனா அக்காவோட செயின் அடகுக் கடைக்குப் போகும், தீபாவளிக்கு முன்னாடி திரும்பி வரும். ரெண்டு வருஷமா இதுதான் வழக்கம். இந்தத் தடவை செயினைக் கழட்டுறதுக்கு முன்னாடி நான் ஒரு பேப்பரை எடுத்தேன்.

ஒண்ணாப்பு ஃபீஸ் 32,000. வேன் மாசம் 1,200, பத்து மாசத்துக்கு 12,000. புத்தகம், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ, டை, பெல்ட், ஐடி கார்டு எல்லாம் சேர்த்து 7,500. இதோட முடியலை. வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்க வீட்டில் யாருக்கும் அந்த இங்கிலீஷ் வராது, அதனால் சாயந்திரம் டியூஷன். மாசம் 600, வருஷத்துக்கு 6,000. மொத்தம் 57,500. ஃபீஸ் ஏறாதுன்னு வெச்சுக்கிட்டாலும் அஞ்சு வருஷத்துக்கு 2,87,500 ரூபாய். அஞ்சாப்பு பாஸ் பண்ண.

இந்தக் காசுக்கு என்ன புத்தகம் படிக்கப் போறா? இதைத்தான் நிறையப் பேருக்குத் தெரிய மாட்டேங்குது. 2010ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. அதை நிறுத்திவைக்கப் பார்த்தாங்க, 2011 ஆகஸ்ட் 9ல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. அதுக்கப்புறம் மெட்ரிக், நர்சரி பிரைமரி, அரசுப் பள்ளி எல்லாத்துக்கும் ஒரே பாடத்திட்டம். பாடநூல் கழகம் அச்சடிக்கிற அதே புத்தகம். அக்கா காசு கொடுத்து வாங்குற புத்தகத்தை ஒன்றியப் பள்ளியில் இலவசமாக் கொடுக்குறாங்க. நோட்டு, பை, சீருடை, செருப்பு, கலர் பென்சில் எல்லாமே அங்க இலவசம். வித்தியாசம் காட்டணுமேன்னு தனியார் பள்ளியில் மேல ரெண்டு மூணு பதிப்பகப் புத்தகத்தைத் தலையில் கட்டுவாங்க. பை கனமா இருந்தா படிப்பும் கனமா இருக்கும்னு நாமளும் நம்பிக்குவோம்.

சி.பி.எஸ்.இ. வேற கதை. அதுக்கு இதைவிட அதிகம் ஃபீஸ், நம்ம குரூப்பில் அங்க போற பிள்ளை ரெண்டே ரெண்டு. அந்த விவாதத்தை இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.

சொல்லிக் கொடுக்கிறவங்க யாரு? அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஆகணும்னா ஆசிரியர் பட்டயப் படிப்பு முடிச்சிருக்கணும், தகுதித் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணியிருக்கணும். சின்னப் பிள்ளைக்கு எழுத்து எப்படி மண்டையில் ஏறும்ங்கிறதை ரெண்டு வருஷம் படிச்சவங்க அவங்க. என்கூட இன்ஜினியரிங் படிச்ச ஒரு பொண்ணு, கல்யாணம் ஆகி ஊரோட தங்கிட்டா. ஒரு நர்சரி பிரைமரியில் மூணாப்பு டீச்சர். மாசம் 8,000 ரூபாய். மே மாசச் சம்பளம் கிடையாது. நல்ல பொண்ணு, பாவம், யூடியூப் பாத்துக் கத்துக்கிட்டுப் பாடம் நடத்துறா. அவ மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா "குவாலிட்டி எஜுகேஷன்"னு நீங்க கொடுக்கிற முப்பத்தி ரெண்டாயிரம் எங்க போகுதுன்னு அவ சம்பளக் கவரைப் பாத்தா தெரியும்.

"எங்களுக்குக் கட்டுக்கதை வேணாம், ஆராய்ச்சி ஏதாவது இருக்கா"ன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஆந்திரக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு பண்ணினாங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைங்களில் லாட்டரி போட்டு, பேர் விழுந்தவங்களுக்கு ஃபீஸ் கட்டித் தனியார் பள்ளியில் சேர்த்தாங்க. விழாதவங்க அரசுப் பள்ளியிலேயே படிச்சாங்க. வசதியான வீடு, படிச்ச அப்பா அம்மா, இந்த வித்தியாசமெல்லாம் லாட்டரியில் அடிபட்டுப் போயிடும், அதனால்தான் இந்த முறை. நாலு வருஷம் கழிச்சு ரெண்டு பக்கத்துக்கும் பரீட்சை. தாய்மொழி தெலுங்கிலும் கணக்கிலும் வித்தியாசம் இல்லை. தனியாருக்குப் போனவங்களுக்கு இந்தி மட்டும் நல்லாவே கூட வந்தது, ஏன்னா அரசுத் தொடக்கப் பள்ளியில் இந்திப் பாடமே கிடையாது. 2015ல் வெளியான ஆய்வு.

நேர்மையா முழுசும் சொல்லணும். ஒரு பிள்ளைக்கு அரசு செலவு பண்றதில் மூணில் ஒரு பங்குகூட அந்தத் தனியார் பள்ளிகள் செலவு பண்ணலைன்னும் அதே ஆய்வு சொல்லுது. "பாத்தியா, கம்மிச் செலவில் அதே ரிசல்ட், தனியார்தான் கெட்டிக்காரன்"னு எதிர்முகாம் இதைத் தூக்கிட்டு வரும். வரட்டும். அந்தக் கெட்டிக்காரத்தனம் எங்கேருந்து வருதுன்னு மேல எட்டாயிரம் ரூபா சம்பளக் கவரில் சொல்லிட்டேன்.

இப்ப சாப்பாட்டு விஷயம். "ஓசிச் சோத்துக்குப் பிள்ளையை அனுப்புறதா"ன்னு நம்ம ஆளுங்களே பேசுறதைக் காதாலக் கேட்டிருக்கேன். 1920ல் சென்னை மாநகராட்சியில் நீதிக் கட்சிக்காரங்க ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கினாங்க. 1956ல் காமராசர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டு போனார். 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 1989ல் கலைஞர் காலத்தில் முட்டை, 2022 செப்டம்பரில் காலை உணவு, அடுத்த வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும். யார் பண்ணினதுன்னு சண்டை போட இந்தப் பதிவு இல்லை, அந்தச் சண்டையை நாம தினமும்தான் போடுறோம். நூறு வருஷமா ஆள் மாறி, கொடி மாறி ஒரே வேலையைத் தொடர்ந்து செஞ்சிருக்காங்க. அதுக்குப் பேர் ஓசியா? நம்ம வரிப்பணம் சார் அது. உப்புமா, கிச்சடி, பொங்கல்னு பிள்ளை சூடாச் சாப்பிட்டுட்டு வகுப்பில் உட்காருது. ஏழே முக்கால் வேனுக்காக ஆறு மணிக்கு எழுப்பி, பாதித் தூக்கத்தில் ரெண்டு வாய் பிஸ்கட் திணிச்சு அனுப்புற நம்ம பிள்ளை எப்படி உட்காருதுன்னு நமக்குத் தெரியும்.

இனி யாரும் ஸ்டேட்டஸில் வெக்காத காரணத்துக்கு வர்றேன்.

அக்கா பொண்ணை ஒன்றியப் பள்ளியில் சேர்க்கலாம்னு நான் வீட்டில் பேச ஆரம்பிச்ச அன்னிக்கு, பக்கத்து வீட்டுப் பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாங்க. இங்கிலீஷ் பத்திப் பேசலை, பாத்ரூம் பத்திப் பேசலை, டீச்சர் பத்தியும் பேசலை. ஒரே கேள்வி: "அங்க யாருடா படிக்கிறா இப்ப?"

அந்த 'யாரு'க்கு என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த 57 பிள்ளைங்களில் பெரும்பாதி எந்தத் தெருப் பிள்ளைங்கன்னு ஊருக்கே தெரியும். பல ஊரில் வேன் ஏறினது இங்கிலீஷுக்காக மட்டும் இல்லை தோழர்களே. ஒரே பெஞ்சில் உட்கார வேணாம்னு ஏறினவங்களும் இருக்காங்க. டிபியில் பெரியார், கவர் ஃபோட்டோவில் அம்பேத்கர், பிள்ளை மட்டும் 'நம்ம ஆளுங்க' பிள்ளைங்க படிக்கிற பள்ளியில். இதை நான் கண்ணாடியைப் பாத்தும் சொல்லிக்கிறேன். நான் படிச்ச மெட்ரிக்கில் எங்க ஊர்க் காலனிப் பையன் ஒருத்தன்கூட என் வகுப்பில் இல்லை. காலேஜ் போற வரைக்கும் எனக்கு அது ஒரு விஷயமாவே படலை.

சரி, அரசுப் பள்ளியில் குறையே இல்லையா? இருக்கு. மறைச்சு எழுதினா இது பதிவு இல்லை, போஸ்டர்.

அஞ்சு வகுப்புக்கு ரெண்டு ஆசிரியர்ங்கிறது அநியாயம். சட்டம் அனுமதிக்குதுங்கிறதால் அது சரி ஆகிடாது. அந்த ரெண்டு பேரில் ஒருத்தர் லீவு போட்டா, இல்ல பயிற்சிக்குப் போனா, மிச்சம் ஒருத்தர். இதில் தமிழ் வழி, ஆங்கில வழின்னு ரெண்டும் அதே அறையில் ஓடுது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பாத்துப் பிரிச்சு நடத்துறதால் ஏதோ சமாளிக்க முடியுதுன்னு டீச்சர் சொல்றாங்க. அதோட எமிஸ். தினமும் வருகை, சத்துணவு, சீருடை அளவு, இன்னும் என்னென்னமோ செயலியில் ஏத்தணும். நானும் சாஃப்ட்வேர் எழுதுறவன்தான். சிக்னல் இல்லாத ஊரில் வகுப்பு நேரத்தில் ஒரு டீச்சரை ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்க வைக்கிற செயலியை எழுதினவனை நேரில் பாத்தா நாலு கேள்வி கேப்பேன். கழிப்பறை இருக்கு, சுத்தம் பண்ண ஆள் ஒழுங்கா வர்றதில்லை. சுற்றுச்சுவர் ஒரு பக்கம் இல்லை.

இந்தக் குறையை எல்லாம் யார் கேக்கணும்? பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு சட்டத்திலேயே இருக்கு. முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும். எங்க ஊர்க் குழுக் கூட்டத்துக்கு வர்ற அம்மாக்கள் நூறு நாள் வேலையை விட்டுட்டு வர்றவங்க. பி.டி.ஓ. ஆபீஸில் போய் நின்னா உட்காரச் சொல்ல ஆள் இருக்காது. நாம போனா? ஒரு போஸ்ட் போட்டு நாலு பேரை டேக் பண்ணினா அடுத்த நாள் ஜே.இ. வண்டி வந்து நிக்குது. ரோடு குழிக்கு வருது, தெருவிளக்குக்கு வருது. பள்ளிச் சுற்றுச்சுவருக்கு மட்டும் ஏன் வரலை? ஏன்னா நம்ம பிள்ளை அங்க இல்லை. சத்தம் போடத் தெரிஞ்ச பெற்றோர் எல்லாரும் வேனோட போயிட்டோம். சத்தம் போடத் தெரியாதவங்ககிட்ட பள்ளிக்கூடத்தை விட்டுட்டு, "அரசுப் பள்ளி சரியில்லை"ன்னு தள்ளி நின்னு சொல்லிட்டிருக்கோம்.

இதே எண்ணத்தில்தான் 2015ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேசத்தில் ஒரு உத்தரவு போட்டது. அரசு ஊழியர், மக்கள் பிரதிநிதி, நீதிபதி எல்லாரும் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்கணும், அப்பத்தான் அந்தப் பள்ளிகள் உருப்படும்னு. நடந்துச்சா? அந்த ஊரைப் பத்தி உங்களுக்கே தெரியும். நம்ம ஊரில் யாரும் உத்தரவு போடலை, ஆனாலும் செஞ்சு காட்டினவங்க இருக்காங்க. 2011ல் ஈரோடு ஆட்சியரா இருந்த ஆனந்தகுமார் தன் பொண்ணை ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். 2019ல் திருநெல்வேலி ஆட்சியரா இருந்த ஷில்பா பிரபாகர் சதீஷ் தன் பொண்ணை அங்கன்வாடியில் விட்டார். கலெக்டர் பிள்ளை போற பள்ளியில் கழிப்பறைக் கதவு உடைஞ்சு கிடக்குமா, சொல்லுங்க.

அதே மூச்சில் நம்ம தலைமைக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். அட்மின் வெட்டாம விட்டா நன்றி. தனியார் பள்ளி மூணு வயசில் பிள்ளையைப் பிடிச்சுடுறான். பிரீ.கே.ஜி., எல்.கே.ஜி., யு.கே.ஜி. அரசுப் பள்ளி அஞ்சு வயசில்தான் கதவைத் திறக்குது. அதுக்குள்ள அந்தப் பிள்ளைக்கு அங்க சிநேகிதம் ஆயிடுது, வேன் அங்கிளைப் பழகிடுது, அப்பா அம்மாவுக்கும் மாத்த மனசு வராது. சண்டையே தொடங்குறதுக்கு முன்னாடி தோத்துடுறோம். 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினாங்க. நல்ல தொடக்கம். ஆனா அது நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருக்கிற மையங்களுக்கு மட்டும். எங்க ஊர் மாதிரித் தொடக்கப் பள்ளிக்கு எப்ப? அதே மாதிரி, தலைக்கணக்கை விட்டுட்டு வகுப்புக்கு ஒரு ஆசிரியர்னு ஒரு வரியை நம்ம அடுத்த தேர்தல் அறிக்கையில் பாக்கணும்னு எனக்கு ஆசை.

இன்னொண்ணும் உண்டு. ஆர்.டி.இ. சீட்டுன்னு தனியார் பள்ளியில் 25 சதவீதம். ஏப்ரல் வந்தா நம்ம ஒன்றியச் செயலாளர் வீட்டு வாசலில் அதுக்குச் சிபாரிசு கேட்டு ஒரு வரிசை நிக்கும். ஏழைப் பிள்ளைக்கு வாய்ப்புங்கிறது சரி. ஆனா நாலு தெரு தள்ளி நம்ம பள்ளி ஆசிரியரோட, சாப்பாட்டோட காத்துக் கிடக்கும்போது, நம்ம வரிப்பணத்தையே ஃபீஸாக் கட்டிப் பிள்ளையை அங்க அனுப்புறோம். இங்க தலை குறையுது, ஆசிரியர் குறையுறார். கர்நாடகாவில் 2019ல் விதியை மாத்தினாங்க: பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தா தனியாரில் இந்த சீட் கிடையாதுன்னு. கோர்ட்டுக்குப் போனாங்க, உயர் நீதிமன்றமும் விதி செல்லும்னு சொன்னது. நாம இதைப் பத்திப் பேசவாவது ஆரம்பிக்கலாம்.

எல்லாம் சரி, கடைசியில் ஒரு கேள்வி வரும். மாமா என்கிட்ட கேட்டது. "ஊருக்கு உபதேசம் பண்ண என் பொண்ணை வெச்சு டெஸ்ட் பண்றியா மாப்ள?"

இதுக்கு ரெண்டு நாள் எனக்குப் பதில் வரலை. உண்மையாவே. யாரோட பிள்ளையையும் கொள்கைக்காகப் பலி கொடுக்கச் சொல்ற உரிமை எனக்கு இல்லை. மூணாவது நாள் மாமாவைக் கூட்டிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். லீவு நாள்தான், தலைமையாசிரியை சேர்க்கை வேலையா இருந்தாங்க. ரெண்டாப்புப் புத்தகத்தை எடுத்து, அங்க விளையாடிட்டிருந்த ரெண்டாப்புப் பொண்ணைக் கூப்பிட்டு "வாசிம்மா"ன்னாங்க. தடுமாறாம ஒரு பக்கம் வாசிச்சா. அப்புறம் மாமா, டியூஷனுக்குப் போற எங்க பக்கத்து வீட்டுப் பையனை வாசிக்கச் சொன்னார், அவனும் ரெண்டாப்புதான். இங்கிலீஷ் ரைம்ஸ் நாலு மனப்பாடமாச் சொன்னான். தமிழ்ப் பக்கத்தில் எழுத்துக் கூட்டி நின்னுட்டான். ரெண்டு பிள்ளைங்களை வெச்சு ஊருக்கே தீர்ப்பு எழுத முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா மாமாவோட கேள்விக்கு அன்னிக்கு அது பதிலா இருந்துச்சு. வர்ற வழியில் டீ குடிச்சுட்டு, "அந்தம்மா நம்மள உக்காரச் சொல்லிப் பேசுனாங்கடா, அங்கல்லாம் கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்"னார். அடுத்த நாள் சேர்த்தாச்சு. செயின் அக்கா கழுத்திலேயே இருக்கு. பெரியம்மா இன்னும் எங்க வீட்டில் யார்கிட்டயும் பேசலை.

மாத்த நினைக்கிறவங்களுக்கு நடைமுறை விஷயம் மட்டும் சொல்லிடுறேன். "பாக்கி ஃபீஸ் கட்டினாத்தான் டி.சி."ன்னு மிரட்டுவாங்க. கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5: கேட்டவுடன் மாற்றுச் சான்றிதழ் கொடுக்கணும், அது வரத் தாமதம்னு சொல்லி எந்த அரசுப் பள்ளியும் உங்க பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது. வயசுச் சான்று கையில் இல்லைன்னாலும் பிரிவு 14 இருக்கு, சேர்த்துக்கணும். தனியாரிலேயே தொடர்றவங்களுக்கும் ஒண்ணு: சேர்க்கைக்குப் பிள்ளைக்கோ உங்களுக்கோ இன்டர்வியூ, டெஸ்ட் வெச்சா முதல் தடவை 25,000, அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை அபராதம்னு பிரிவு 13 சொல்லுது. ஃபீஸுக்கு ரசீது கேளுங்க. கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயிச்சிருக்குன்னு கேளுங்க. கேட்டுப் பாருங்க, அப்புறம் உங்களுக்கே நிறையப் புரியும்.

இப்ப எங்க ஊர்க் கணக்கு. 57ல் அஞ்சாப்பு 13 பேர் ஆறாவதுக்குப் போறாங்க. மிச்சம் 44. புதுச் சேர்க்கை நேத்து வரைக்கும் 8, அக்கா பொண்ணோட 9. ஆக 53. மூணாவது ஆசிரியர் வேணும்னா ஆகஸ்ட் 1க்குள்ள இன்னும் 8 பிள்ளைங்க வேணும். நம்ம குரூப்பில் இருக்கிறது 11.

பேரைப் போட்டு எழுதலை, ஆனா அந்த ஒன்பது வீட்டுக்காரங்களுக்கும் இது யாருக்குன்னு தெரியும். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஒவ்வொரு வீட்டுக்கா வர்றேன். சேர்க்கை விண்ணப்பம் எட்டு வாங்கி வெச்சிருக்கேன். டீ மட்டும் போட்டு வைங்க.

#அறுபத்தொண்ணாவதுபிள்ளை
#நம்மஊர்_நம்மபள்ளி